இடத்தைக் காலி செய்யட்டும், பைலை அழிக்க வேண்டாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்வி ஒன்று. நான்காவது மாதத்தில் கேட்கும் கேள்வி வேறு. முதல் மாதத்தில், "இதில் என்னவெல்லாம் செய்யலாம்?" என்று கேட்பார்கள். நான்காவது மாதத்தில், "சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, என்ன செய்வது?" என்பார்கள். இப்போது இதனுடன் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. "க்ளவுட் ஸ்டோரேஜும் நிரம்பிவிட்டது என்று செய்தி வருகிறது. இரண்டையும் தானாகவே சுத்தம் செய்திட ஏதாவது செட்டிங் இருக்கிறதா?"

இருக்கிறது. ஒன்றல்ல, பல இருக்கின்றன. எல்லாவற்றையும் உடனே இயக்கிவிட வேண்டுமா என்பதில்தான் எனக்கு வேறு கருத்து உண்டு. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் மைத்துனர், மகள் கல்லூரியில் சேர்ந்ததை ஒட்டி ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கினார். 256 ஜிபி எஸ்.எஸ்.டி. கொண்டது. (வாங்கிய அன்றே போன் செய்து, "அத்தான், 256 என்று சொல்லி 238 தான் கொடுத்திருக்கிறான், கடைக்காரனிடம் கேட்கட்டுமா?" என்றார். கேட்க வேண்டாம் என்று சொன்னேன். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஜிபி என்பதை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024 இன் மடங்குகளில் கணக்கிடுகிறது. அந்த வித்தியாசம்தான் அது. யாரும் ஏமாற்றவில்லை.) மாதக் கட்டணம் கட்டி 100 ஜிபி க்ளவுட் இடமும் எடுத்துக்கொண்டார். பழைய மொபைல் போனில் இருந்த போட்டோக்கள், வீடியோக்கள் அனைத்தையும் கம்ப்யூட்டரில் பிக்சர்ஸ் போல்டருக்கு மாற்றினார். அவை தாமாகவே க்ளவுடிற்கும் சென்றன. போனை விற்றுவிட்டார்.

சில மாதங்களில் சி டிரைவ் நிரம்பியது. மைத்துனர் யோசித்தார். "போட்டோ எல்லாம் க்ளவுடில் இருக்கிறது, கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. ஒரே பொருள் இரண்டு இடத்தில் எதற்கு?" நியாயமான யோசனைதான். பிக்சர்ஸ் போல்டரில் பெரிய போல்டர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து டெலீட் செய்தார். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தார். "இங்கே அழித்தால் எல்லா இடத்திலும் அழிந்துவிடும்" என்ற பொருளில் ஒரு சிறிய செய்தி வந்திருக்கிறது. அதில் "மீண்டும் காட்டாதே" என்ற கட்டத்தில் டிக் அடித்து ஓகே கொடுத்துவிட்டார். நாம் எல்லாருமே செய்வதுதான்.

இரண்டு மாதம் கழித்து என் மாமியாரின் திவசம் வந்தது. பெரிதாக்கி வைக்க ஒரு நல்ல படம் வேண்டும் என்று தேடினார்கள். கடைசிப் பொங்கலுக்கு எடுத்த படங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. க்ளவுடிலும் இல்லை. மகள்தான் எனக்குப் போன் செய்தாள். "மாமா, அப்பா ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். ஏதாவது செய்ய முடியுமா?" நான் போய்ப் பார்த்தேன். க்ளவுடில் உள்ள ரீசைக்கிள் பின்னில் அழித்த பைல்கள் 30 நாள்கள்தான் இருக்கும். அறுபது நாள்களுக்கு மேல் ஆகியிருந்தது. எஸ்.எஸ்.டி.யில் அழிந்த பைல்களை மீட்கும் புரோகிராம்களையும் ஓட்டிப் பார்த்தேன். பயனில்லை. உறவினர்களுக்கு வாட்ஸ் அப்பில் அனுப்பிய ஏழு படங்கள், அளவு குறைந்தவையாக, திரும்பக் கிடைத்தன. மற்றவை போனது போனதுதான்.

அது எந்த நிறுவனத்தின் சேவை என்பது இங்கு தேவையற்றது. எந்தச் சேவையாக இருந்தாலும் இதே முடிவுதான் கிடைத்திருக்கும். மைத்துனர் நினைத்தது ஒன்று, கம்ப்யூட்டர் புரிந்துகொண்டது வேறு. அவர் கேட்டது "இங்குள்ள பிரதியை மட்டும் எடுத்துவிடு" என்பது. கொடுத்த கட்டளை "இந்தப் பைலை அழித்துவிடு" என்பது.

இந்த இரண்டிற்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் "சுத்தம் செய்தல்" என்ற ஒரே பெயர்தான் புழங்குகிறது. குழப்பம் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. நான் இவற்றைப் பிரித்தே சொல்வேன். முதலாவது, காலி செய்தல். கம்ப்யூட்டரில் உள்ள பிரதி நீங்கும். பைல் க்ளவுடில் இருக்கும். பெயரும் ஐகானும் உங்கள் போல்டரில் அப்படியே தெரியும். டபுள் கிளிக் செய்தால் இன்டர்நெட் வழியே இறங்கி வந்து திறக்கும். இரண்டாவது, அழித்தல். பைல் எல்லா இடத்திலிருந்தும் போய்விடும். என் கருத்து இதுதான்: முதல் வேலையைத் தயங்காமல் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடுங்கள். இரண்டாவது வேலையை எந்த செட்டிங்கிடமும், எந்தப் புரோகிராமிடமும் ஒப்படைக்காதீர்கள். அதை நீங்களே, கண்ணால் பார்த்து, கையால் செய்யுங்கள்.

முதல் வேலையை எப்படி ஒப்படைப்பது என்று பார்ப்போம். விண்டோஸ் பயன்படுத்துபவர்களிடம் ஏற்கனவே ஒன் டிரைவ் இருக்கும் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். 2017 இல் விண்டோஸ் 10 தொகுப்பில் இரண்டு வசதிகள் வந்தன. ஒன்று ஸ்டோரேஜ் சென்ஸ். இன்னொன்று பைல்ஸ் ஆன் டிமாண்ட். முன்னது டிஸ்க்கில் இடத்தைத் தானாக மீட்டுத் தரும் வசதி. பின்னது, பைலின் பெயரை மட்டும் கம்ப்யூட்டரில் காட்டி, பைலைக் க்ளவுடில் வைத்திருக்கும் வசதி. 2018 இல் வந்த பதிப்பில் இரண்டும் கைகோத்துக்கொண்டன. நீண்ட நாள் திறக்காத பைல்களின் பிரதியை ஸ்டோரேஜ் சென்ஸ் தானே கம்ப்யூட்டரிலிருந்து நீக்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதால், புதிய கம்ப்யூட்டரில் உங்களிடம் இருப்பது விண்டோஸ் 11 ஆகத்தான் இருக்கும். அதிலும் இவை உண்டு.

ஸ்டார்ட் மெனுவில் செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம், பின்னர் ஸ்டோரேஜ் என்று செல்லவும். அங்கே ஸ்டோரேஜ் சென்ஸ் என்ற வரி இருக்கும். அதில் கிளிக் செய்தால் கிடைக்கும் பக்கத்தில், எவ்வளவு நாளுக்கு ஒரு முறை இயங்க வேண்டும் என்று கேட்கப்படும். மாதம் ஒரு முறை என்று வைத்தால் போதும். பக்கத்தின் கீழ்ப்பகுதியில் "லோக்கலி அவைலபிள் க்ளவுட் கன்டென்ட்" என்ற தலைப்பு இருக்கும். அதில் ஒன் டிரைவ் கணக்கிற்கு நேராக, எத்தனை நாள் திறக்காமல் இருந்தால் பைல் ஆன்லைனில் மட்டும் இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். 1, 14, 30, 60 நாள்கள் என்று தரப்பட்டிருக்கும். நான் 60 ஐத் தேர்ந்தெடுப்பேன். டிஸ்க் மிகச் சிறியது என்றால் 30. ஒரு நாள் என்று யாரும் வைக்க வேண்டாம். நேற்று பார்த்த பைலை இன்று மீண்டும் டவுண்லோட் செய்துகொண்டிருப்பீர்கள்.

இதில் பயப்பட எதுவும் இல்லை. க்ளவுடிற்கு முழுமையாகச் சென்று சேராத பைலை இந்த வசதி தொடாது. டபுள் கிளிக் செய்தால் பைல் திரும்ப வரும். தவறாகப் போனாலும் இழப்பது கொஞ்சம் நேரமும் கொஞ்சம் டேட்டாவும்தான். தானாக நடக்கலாம் என்று நான் சொல்வதற்குக் காரணமே இதுதான்.

பைல் எங்கே இருக்கிறது என்பதை ஐகான் பக்கத்தில் உள்ள சிறிய குறி காட்டும். நீல நிற மேகம் என்றால் க்ளவுடில் மட்டும். வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் என்றால் இப்போது கம்ப்யூட்டரிலும் உள்ளது, ஆனால் காலி செய்யப்படலாம். முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் என்றால் எப்போதும் கம்ப்யூட்டரில் இருக்கும். ஸ்டோரேஜ் சென்ஸ் அதைத் தொடாது. இந்த மூன்றாவது குறியைச் சில போல்டர்களுக்கு நீங்களே கொடுத்துவிட வேண்டும். மதிப்பெண் சான்றிதழ், பத்திரப் பிரதி, பட்டா, இன்சூரன்ஸ் பாலிசி போன்றவற்றை ஒரு போல்டரில் வைத்து, அதில் ரைட் கிளிக் செய்து, "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளில் இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்றால், நீல மேகம் திறக்காது. அன்றைக்குப் போய் மேகத்தைக் கோபித்துக்கொண்டு பயனில்லை.

காலி ஆனதா என்று உறுதி செய்ய ஒரு வழி. போல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். "சைஸ்" என்ற வரியில் 4 ஜிபி என்றும், "சைஸ் ஆன் டிஸ்க்" என்ற வரியில் பூஜ்யம் என்றும் இருந்தால், போல்டர் முழுவதும் க்ளவுடில் இருக்கிறது, உங்கள் டிஸ்க்கில் இடம் எடுக்கவில்லை என்று பொருள். மைத்துனருக்கு இதைக் காட்டியபோது, "இது அன்றைக்கே தெரிந்திருந்தால் நான் எதையும் தொட்டிருக்கவே மாட்டேனே அத்தான்" என்றார். உண்மை. சரியான வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்திருந்தால் தவறான வேலையை அவர் கையில் எடுத்திருக்க மாட்டார்.

கூகுள் டிரைவின் டெஸ்க்டாப் புரோகிராமில் இதே வேலையை ஸ்ட்ரீம் என்ற அமைப்பு செய்கிறது. மிரர் என்ற அமைப்பில் எல்லாப் பைல்களும் கம்ப்யூட்டரிலும் இருக்கும். டிராப் பாக்ஸிலும் ஆன்லைனில் மட்டும் வைத்திடும் வசதி உண்டு. பெயர்தான் வேறு, விஷயம் ஒன்றே.

இனி இரண்டாவது வேலைக்கு வருவோம். அதே ஸ்டோரேஜ் சென்ஸ் பக்கத்தில் டவுண்லோட்ஸ் போல்டரில் இத்தனை நாள் திறக்காத பைல்களை அழித்துவிடு என்று சொல்லவும் ஒரு பிரிவு உள்ளது. அது "நெவர்" என்றே இருக்கட்டும். டவுண்லோட்ஸ் போல்டர் என்பது குப்பைத் தொட்டி என்று கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் நினைக்கிறார்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் வீட்டில் போய்ப் பாருங்கள். ஹால் டிக்கெட், மின்கட்டண ரசீது, பாங்க் ஸ்டேட்மென்ட், டாக்டரிடம் காட்டிய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அங்கேதான் இருக்கும். வேறு இடத்தில் சேவ் செய்திட யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. 2018 ஆம் ஆண்டுப் பதிப்பில் விண்டோஸின் பழைய டிஸ்க் க்ளீன் அப் பட்டியலில் டவுண்லோட்ஸ் போல்டரையும் சேர்த்தார்கள். எல்லாக் கட்டங்களிலும் டிக் அடித்து ஓகே கொடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2020 இல் வந்த பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். நல்ல வேளை.

அந்த 2018 பதிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தானாக அழிப்பதில் என்ன ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. விண்டோஸ் 10க்கான அந்த அக்டோபர் அப்டேட், 1809 என்ற எண்ணுடன், 2018 அக்டோபர் 2 அன்று வெளியானது. நான்கு நாள்களில், அக்டோபர் 6 அன்று, மைக்ரோசாப்ட் அதனை நிறுத்தி வைத்தது. அப்டேட் செய்த சிலரின் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போல்டர்களில் இருந்த பைல்கள் காணாமல் போயிருந்தன.

காரணம் என்ன? டாக்குமென்ட்ஸ் போன்ற போல்டர்களை வேறு டிரைவிற்கோ ஒன் டிரைவிற்கோ மாற்றி அமைக்க விண்டோஸ் இடம் தருகிறது. அப்படி மாற்றும்போது பழைய இடத்தில் அதே பெயரில் ஒரு வெற்றுப் போல்டர் தங்கிவிடும். "ஒரே பெயரில் இரண்டு போல்டர் இருக்கிறதே, குழப்பமாக இருக்கிறது" என்று யூசர்கள் சொன்னார்கள். சரி, அந்த வெற்றுப் போல்டரை அப்டேட்டே நீக்கிவிடட்டும் என்று முடிவு செய்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் சிலருடைய கம்ப்யூட்டரில் அந்தப் பழைய போல்டர் வெறுமையாக இல்லை. ஒன் டிரைவ் புரோகிராமின் முந்தைய பதிப்பு ஒன்று, போல்டர் இருக்குமிடத்தை மாற்றியதே தவிர, அதில் ஏற்கனவே இருந்த பைல்களைப் புதிய இடத்திற்கு நகர்த்தவில்லை. அவை பழைய இடத்திலேயே கிடந்தன. அப்டேட் வந்தது, போல்டரோடு சேர்த்து அவற்றையும் துடைத்துவிட்டது.

பத்தாயிரம் பேரில் ஒருவர் என்ற அளவில்தான் புகார்கள் வந்ததாக மைக்ரோசாப்ட் தெரிவித்தது. திருத்தப்பட்ட அப்டேட் நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியானது. பத்தாயிரத்தில் ஒன்று என்பது சிறிய எண்தான். அந்த ஒருவர் நாமாக இருந்தால் சிறியதாகத் தெரியாது. இதில் கவனிக்க வேண்டியது, எழுதியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல என்பது. விண்டோஸை உருவாக்கியவர்களே, "இந்தப் போல்டர் தேவையற்றது" என்று முடிவெடுப்பதில் தவறினார்கள். ஏதோ ஒரு தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் க்ளீனர் புரோகிராம் தவறாது என்று நம்பலாமா?

கொஞ்சம் விஷயம் தெரிந்த நண்பர்கள் இன்னொரு வழி சொல்வார்கள். நாலு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிட்டால், ஒரு வருடத்திற்கு மேற்பட்ட பைல்களை ஒவ்வொரு ஞாயிறும் அதுவே அழித்துவிடும் என்பார்கள். எழுதித் தரவும் செய்வார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள். இத்தகைய ஸ்கிரிப்ட் பார்ப்பது பைல் கடைசியாக மாற்றப்பட்ட தேதியை. தாத்தாவின் திருமணப் படத்தை 2012 இல் ஸ்கேன் செய்திருந்தால், அதன் பின் அதை யார் மாற்றப் போகிறார்கள்? போட்டோ என்பதே மாற்றாமல் வைத்திருப்பதற்குத்தானே! தேதியை வைத்துப் பார்த்தால் வீட்டில் மிகவும் தேவையான பைல்கள்தான் மிகப் பழைய பைல்கள். நேற்று வந்த குட்மார்னிங் படம் புத்தம் புதியது; அது தப்பித்துக்கொள்ளும்.

தவிர, ஸ்கிரிப்ட்டில் கொடுக்கும் டெலீட் கட்டளை பைலை ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பாது. நேராக நீக்கிவிடும். நீக்கப்பட்ட போல்டர் க்ளவுடுடன் இணைக்கப்பட்டதாக இருந்தால், அதே அழிப்பு க்ளவுடிலும், அதே கணக்கில் இணைந்திருக்கும் மகளின் லேப்டாப்பிலும் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது.

ரீசைக்கிள் பின் விஷயத்தில் புதியவர்கள் அறியாத ஒன்று உண்டு. உங்களுக்கு இரண்டு ரீசைக்கிள் பின்கள் இருக்கின்றன. டெஸ்க்டாப்பில் தெரிவது ஒன்று. க்ளவுட் சேவையின் இணையப் பக்கத்தில் இருப்பது மற்றொன்று. நீல மேகக் குறியுடன் இருக்கும் பைலை நீங்கள் டெலீட் செய்தால் அது டெஸ்க்டாப்பில் உள்ள பின்னுக்கு வராது. பைல்தான் கம்ப்யூட்டரில் இல்லையே! பிரவுசரில் ஒன் டிரைவ் பக்கத்தைத் திறந்து அங்குள்ள பின்னில்தான் தேட வேண்டும். தனிநபர் கணக்கில் அங்கே 30 நாள்கள் இருக்கும். அந்தப் பின் நிரம்பிவிட்டால் அதற்கு முன்பே பழையவை நீக்கப்படலாம். கூகுள் டிரைவில் ஒரு காலத்தில் டிராஷில் போட்டவை நாமாகக் காலி செய்யும் வரை அப்படியே கிடந்தன. 2020 அக்டோபர் 13 முதல் அங்கும் 30 நாள் கணக்கு வந்துவிட்டது. ஆக, தானாக அழிக்கும் வேலையை நாம் கேட்காமலேயே அவர்கள் ஏற்கனவே ஒன்று வைத்திருக்கிறார்கள். நாம் வேறு இன்னொன்றை வைக்க வேண்டுமா?

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதையும் சொல்லிவிட வேண்டும். "உன் மைத்துனர் கையால்தானே அழித்தார்? மனிதன்தானே தவறு செய்தான், கம்ப்யூட்டர் இல்லையே?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. இன்னொருவர், "பன்னிரண்டாயிரம் போட்டோ இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்க எனக்கு ஆயுள் போதாது" என்பார். அதுவும் சரிதான். ஆனாலும் என் கருத்து மாறவில்லை. மைத்துனர் ஒரு முறை தவறு செய்தார், என்ன அழித்தோம் என்றாவது அவருக்கு நினைவு இருந்தது. ஸ்கிரிப்ட் மாதா மாதம் தவறு செய்யும், எதை அழித்தது என்று கேட்க ஆளில்லை. பன்னிரண்டாயிரம் போட்டோக்களைப் பொறுத்தவரை, அவற்றை அழிக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. டிஸ்க்கில் இடம்தான் பிரச்னை என்றால் காலி செய்தலே தீர்த்துவிடும்.

க்ளவுடே நிரம்பிவிட்டால்? இங்கேதான் கையால் செய்ய வேண்டிய வேலை வருகிறது. ஒன் டிரைவில் இலவச இடம் 5 ஜிபி. கூகுளில் 15 ஜிபி; அது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. டிராப் பாக்ஸில் 2 ஜிபி. புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன் டிரைவுக்குப் பேக் அப் ஆகும்படி அமைந்துவிடுகிறது. அமைத்தது எப்போது என்று கேட்டால் வாங்கியவருக்கே தெரியாது. 5 ஜிபி என்பது நான்கு கல்யாண வீடியோவிற்கே போதாது. நிரம்பியதும் புதிய பைல்கள் மேலே செல்வது நின்றுவிடும். க்ளவுடில் இருக்கிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள், இருக்காது. கூகுளில் நிரம்பினால் மெயில் வருவதும் போவதுமே நின்றுபோகலாம். அந்தப் பதற்றத்தில்தான் கண்டபடி டெலீட் செய்வது தொடங்குகிறது.

பதற்றப்படாமல், முதலில் டாஸ்க் பாரில் உள்ள ஒன் டிரைவ் ஐகானைக் கிளிக் செய்து, செட்டிங்ஸ் சென்று, எந்தெந்தப் போல்டர்கள் பேக் அப் ஆகின்றன என்று பாருங்கள். வீடியோக்கள் குவியும் போல்டர் தேவையில்லை என்றால் அதை நிறுத்தலாம். நிறுத்தியவுடன் டெஸ்க்டாப்பில் இருந்த பைல்களைக் காணோம் என்று அலற வேண்டாம். சில பதிப்புகளில் அவை ஒன் டிரைவ் போல்டருக்குள்ளேயே தங்கிவிடும். பழைய இடத்தில் "உங்கள் பைல்கள் எங்கே" என்ற பொருளில் ஒரு ஷார்ட்கட் மட்டும் இருக்கும். அதைக் கிளிக் செய்து உள்ளே போய், பைல்களைத் திரும்ப நகர்த்திக்கொள்ளலாம்.

பிறகு, க்ளவுட் சேவையின் இணையப் பக்கத்தில் இடத்தை நிர்வகிக்கும் பகுதியைத் திறந்து, அளவின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இடத்தை அடைப்பது பன்னிரண்டாயிரம் போட்டோ அல்ல. இருபது முப்பது வீடியோக்கள்தான். பாதி, பாக்கெட்டிற்குள் போன் தானாக ஓடி எடுத்ததாக இருக்கும். அவற்றைப் பார்த்து அழிக்க அரை மணி நேரம் போதும்.

ஆனால் அழிப்பதற்கு முன் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். க்ளவுடில் இருப்பது பேக் அப் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது சிங்க், அதாவது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைத்திருத்தல். இங்கே எழுதினால் அங்கே எழுதும், இங்கே அழித்தால் அங்கே அழிக்கும். எக்ஸ்டர்னல் டிஸ்க் அப்படியல்ல. காப்பி செய்து, கழற்றி, பீரோவில் வைத்துவிட்டால், கம்ப்யூட்டரில் நீங்கள் என்ன செய்தாலும் அதற்குத் தெரியாது. காப்பி செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீல மேகக் குறி உள்ள பைல்கள் முதலில் டவுண்லோட் ஆகித்தான் காப்பி ஆகும். நாற்பது ஜிபி இருந்தால் நாற்பது ஜிபி டேட்டா செலவாகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இதைச் செய்திட வேண்டாம். டிஸ்க்கில் அதற்கு இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளவும்.

இன்னொரு சிறிய வேலை. ஒன் டிரைவ் செட்டிங்ஸில், நிறையப் பைல்கள் ஒரே நேரத்தில் அழிக்கப்பட்டால் தெரிவிக்க வேண்டும் என்ற அறிவிப்பு இருக்கும். அது இயக்கத்தில் உள்ளதா என்று பார்த்துவிடுங்கள். அந்தச் செய்தி வந்தால் படிக்காமல் மூடாதீர்கள்.

மைத்துனர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்போது ஸ்டோரேஜ் சென்ஸ் 60 நாளில் இயங்குகிறது. டவுண்லோட்ஸ் நெவர். மாதத்தின் முதல் ஞாயிறு அப்பாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து பெரிய பைல்களைப் பார்த்து அழிக்கிறார்கள். அதற்கு முதல் நாள் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுகிறார்கள். சி டிரைவ் நீலமாகவே இருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் யாரேனும் கடந்த சில வாரங்களில் இடம் வேண்டும் என்று க்ளவுட் போல்டரில் எதையாவது டெலீட் செய்திருந்தால், வேறு எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் பிரவுசரைத் திறந்து, உங்கள் க்ளவுட் கணக்கில் நுழைந்து, அங்குள்ள ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். 30 நாள் முடியாமல் இருந்தால் பைல்கள் அங்கே இருக்கும். தேர்ந்தெடுத்து ரீஸ்டோர் கிளிக் செய்தால் போதும், பழைய இடத்திற்கே வந்துவிடும்.